நாற்பது பேரைத் தேடிய எங்கள் காக்கா

இறைவனின் பெயரைச் சொல்லித் தொடங்குகிறேன்.

என் மூத்த சகோதரர், எங்கள் காக்கா, எங்களை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகிறது. இந்த நினைவு மலரில் உறவினர் சார்பில் நான்தான் எழுத வேண்டும் என்று காக்காவின் பிள்ளைகள் கேட்டார்கள். நான் அவருடைய ஒரே தங்கை. ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. தெரிந்ததை எழுதுகிறேன். தெரியாததை எழுதவில்லை.

காக்கா யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் பிறந்தார். எங்கள் வீட்டின் பின்மதிலும் ஜும்ஆப் பள்ளிவாசலின் பக்கமதிலும் ஒன்றேதான். பள்ளியில் தொழுகைக்கு அழைத்து வாங்கு சொல்லும்போது குசினியில் சட்டி மூடி அதிரும் என்று உம்மா சொல்வா. வாப்பா தையல் வேலை செய்தார். வாப்பா மௌத்தாகி அவரை அடக்கியபோது காக்காவுக்குப் பத்தொன்பது வயது. அடுத்த நாளே வாப்பாவின் மெசினில் இருந்தார். பெருநாள் உடுப்புகள் பாதியில் கிடந்தன. அவற்றைத் தைத்துக் கொடுத்து முடித்த பிறகுதான் அழுதார் என்று உம்மா சொன்னா. நான் பார்க்கவில்லை.

என்னை வளர்த்ததும் கலியாணம் செய்து கொடுத்ததும் காக்காதான். அதிகம் கதைக்கமாட்டார். கதைத்தால் கொஞ்சம் சுடும். ஆட்களின் பெயரை மறந்துவிடுவார். தோள் அளவை மறக்கமாட்டார். "அந்தப் பதினேழரைத் தோள்காரர் வந்தவரே?" என்று கேட்பார். பெருநாளுக்கும் தைத்தார், தீபாவளிக்கும் தைத்தார், கிறிஸ்தவர்களின் நத்தாருக்கும் தைத்தார். ஒருவருக்கும் ஒருநாளும் பிந்திக் கொடுக்கவில்லை.

பள்ளியைப் பற்றி எழுதாமல் காக்காவைப் பற்றி எழுத முடியாது. அந்தக் காலத்தில் வெள்ளிக்கிழமை என்றால் பட்டணத்துக்கே தெரியும். பன்னிரண்டு மணிக்குத் தையல் கடைகளும் இரும்புக் கடைகளும் பலகை போட்டுப் பூட்டிவிடும். சந்தைக்கு மரக்கறி கொண்டுவந்த அளவெட்டிக் கிராமத்து ஆட்கள் வண்டிலைப் பள்ளி முன்னால் நிழலில் விட்டுவிட்டு, பள்ளிக் கிணற்றில் தண்ணீர் அள்ளிக் குடிப்பார்கள். அந்தப் பக்கத்தில் மற்றக் கிணறுகள் உவர். அது மட்டும் நல்ல தண்ணீர். தொழுகை முடிந்து ஆண்கள் வெளியே வரும்போது வாசலில் தமிழ்த் தாய்மார் போத்தலில் தண்ணீரோடு நிற்பார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல், பிள்ளை பயந்துபோய்விட்டது, பால் குடிக்குதில்லை என்பார்கள். தொழுதுவிட்டு வருகிறவர்கள் ஒவ்வொருவராக ஓதி, அந்தத் தண்ணீரில் ஊதிவிட்டுப் போவார்கள். என்ன பெயர், எந்த ஊர் என்று யாரும் கேட்பதில்லை. நான் மதிலுக்கு மேலால் பார்த்திருக்கிறேன்.

தொண்ணூறாம் ஆண்டு இயக்கத்தார் முஸ்லிம்கள் எங்கள் எல்லாரையும் அரைநாளில் ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள். அதைப் பற்றி மற்றவர்கள் எழுதியிருக்கிறார்கள். நான் இரண்டு விஷயம் மட்டும் எழுதுகிறேன். காக்கா மெசினை விட்டுவிட்டு வந்தார். அளவு நாடா மட்டும் கழுத்தில் கிடந்தது, கழற்ற மறந்துபோனார். காக்காவின் மனைவி, எங்கள் மதினி, ஆறு மாதக் கைக்குழந்தையோடு நடந்தா. குழந்தைக்கு வழியில் காய்ச்சல் வந்தது. புத்தளம் போய்ச் சேர்ந்து ஒன்பதாம் நாள் மௌத்தானது. அங்கேதான் அடக்கினோம்.

புத்தளத்தில் முதலில் ஓலைக் கொட்டில். பிறகு கல் வீடு. காக்கா இரவல் மெசினில் பள்ளிக்கூடச் சீருடை தைத்து, இரண்டு மகள்மாரையும் ஒரு மகனையும் ஆளாக்கினார். மகள்மார் அங்கேயே கலியாணம் முடித்தார்கள்.

போர் முடிந்து பாதை திறந்ததும் நானும் என் கணவரும் யாழ்ப்பாணம் திரும்பினோம். அடுத்த வருடம் காக்கா வந்தார். மதினி வரவில்லை. "அந்தத் தெருவிலை இனி நான் கால் வைக்கமாட்டன்" என்று சொல்லிவிட்டா. காக்கா அதற்கு மறுபேச்சுப் பேசவில்லை. பள்ளியின் மற்றப் பக்க மதிலோடு இருக்கிற என் வீட்டு விறாந்தையில் மெசின் போட்டார். சாப்பாடு என் வீட்டில். இரண்டு கிழமைக்கு ஒருக்கால் சனிக்கிழமை புத்தளம் போய், திங்கட்கிழமை திரும்புவார்.

பள்ளிக்குக் கூரை இருக்கவில்லை. உள்ளே முழங்கால் அளவு புல். சுவரில் ஓட்டை. வந்தவர்கள் சேர்ந்து புல்லை வெட்டி, கூரை போட்டார்கள். எதிர்ப்பக்கத்தில் சைக்கிள் திருத்துகிற சிவபாதம் அண்ணை தன் தண்ணீர்ப் பம்பைக் கொண்டுவந்து பள்ளிக் கிணற்றை இறைத்துத் தந்தார். மூன்று நாள் இறைத்தார். கிணற்றுக்குள்ளிருந்து அவர் எடுத்த சாமான்களை இங்கே எழுதினால் இடம் போதாது. ஐந்து நேர வாங்கும் மறுபடி கேட்கத் தொடங்கியது.

ஆனால் ஜும்ஆ இல்லை. அது ஏன் என்று இந்த மலரை வாசிக்கிற தமிழ் உறவுகளுக்குச் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை நடுப்பகல் கூட்டுத் தொழுகைக்குத்தான் ஜும்ஆ என்று பெயர். எங்கள் முறையில் அதை நடத்த நாற்பது ஆண்கள் வேண்டும். பருவம் வந்தவர்களாக, அந்த ஊரிலேயே நிலையாகக் குடியிருப்பவர்களாக இருக்க வேண்டும். வேலைக்கு வந்து நிற்கிறவர் வந்து தொழலாம், ஆனால் நாற்பதில் சேரமாட்டார். நாற்பது இல்லாவிட்டால் மற்ற நாள் போல நடுப்பகல் லுஹர் தொழுகைதான். வேறு இமாம்களின் சொல்லின்படி குறைந்த பேரோடும் நடத்தலாம் என்று சிலர் சொன்னார்கள். பெரியவர்கள் கேட்கவில்லை. வாப்பாமார் தொழுத முறையிலேயே தொடங்குவோம் என்றார்கள். அப்போது ஊரில் நிலையாக இருந்த ஆண்கள் இருபத்திரண்டு பேர்.

மிச்சப் பேரைத் தேடும் வேலையைக் காக்கா எடுத்துக்கொண்டார். ஒருவரும் கொடுக்கவில்லை, அவராக எடுத்தார். பின்னேரங்களில் சைக்கிளில் போவார். புத்தளத்துக்கும் கொழும்புக்கும் போனில் கதைப்பார். சட்டை வெட்டுகிற மாதிரிக் கடதாசி ஒன்றைச் சுவரில் ஒட்டி, பெயர்களைத் தையல் சோக்கால் எழுதினார். சோக்கு அழியும். அழிந்தால் மறுபடி எழுதுவார்.

எல்லாரிடமும் கேட்க அவரிடம் ஒரு கேள்விதான் இருந்தது. "அடுப்பு எங்கை எரியுது?"

என் கணவரின் தம்பி பட்டணத்தில் பிளாஸ்ரிக் சாமான் கடை வைத்திருந்தார். அவரிடமும் கேட்டார். நான் தேத்தண்ணி கொண்டுபோனபோது நடந்தது.

"தம்பி, உம்மடை அடுப்பு எங்கை எரியுது?"

"இஞ்சைதான் காக்கா. கடைக்குப் பின்னாலை காஸ் அடுப்பு வைச்சிருக்கிறன்."

"அது தேத்தண்ணிக்கு. சோறு எங்கை வேகுது? பிள்ளையள் எங்கை படிக்குதுகள்?"

"அது புத்தளத்திலை."

"அப்ப நீர் விருந்தாளி. எண்ணேலாது."

"மூண்டு வருஷமாக் கடை திறக்கிறன். விருந்தாளியே?"

"ஓம். போகாத விருந்தாளி."

அவர் தேத்தண்ணியைக் குடிக்காமல் எழும்பிப் போனார். இரண்டு மாதம் என் வீட்டுப் பக்கம் வரவில்லை. இப்படி ஒன்பது பேரைக் காக்கா திருப்பினார். சிலருக்குக் கோபம் இன்றைக்கும் உண்டு. அவர்கள் இதை வாசித்தால் மன்னிக்கும்படி கேட்கிறேன்.

மெல்ல மெல்லக் குடும்பங்கள் வந்தன. புதிதாக வந்த மௌலவி கிழக்கு மாகாணத்தவர். அவரும் மனைவி பிள்ளைகளோடு வந்து குடியிருந்தார். ஒரு வியாழக்கிழமை பின்னேரம் காக்கா சுவருக்கு முன்னால் நின்று விரலால் எண்ணினார். "நாப்பது" என்றார். திரும்ப எண்ணினார். பிறகு மெசினில் இருந்து தொப்பி தைக்கத் தொடங்கினார். அடுத்த வெள்ளிக்கு முன் நாற்பது தொப்பி. ஒவ்வொரு தொப்பியும் அந்தந்தத் தலைக்கு அளவெடுத்துத் தைத்தது.

அந்த வெள்ளிக்கிழமை பள்ளி நிரம்பியது என்று சொல்ல முடியாது. மூன்று வரிசை. வெளியூரிலிருந்து கடை வைத்திருந்தவர்களும் வந்து பின்னால் நின்றார்கள். எனக்கு மதிலுக்கு இந்தப் பக்கம் இருந்து குத்பாப் பிரசங்கம் கேட்டது. நான் சோற்றை இறக்கி வைத்துவிட்டு நின்றேன்.

தொழுகை முடிந்து முற்றத்தில் பேரீச்சம்பழமும் தேத்தண்ணியும் கொடுத்தார்கள். அங்கே நடந்ததை என் கணவர் வந்து சொன்னார். அவருடைய தம்பி வந்து காக்காவுக்கு ஸலாம் சொன்னாராம்.

"தொப்பி நல்லா இருக்கு காக்கா. ஒண்டு கேக்கட்டே?"

"கேளும்."

"உங்கடை அடுப்பு எங்கை எரியுது?"

நின்றவர்கள் சிரித்தார்களாம். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. தம்பி பகிடிக்குத்தான் கேட்டார். கேட்ட பிறகுதான் அவருக்கும் விளங்கியது.

காக்கா முப்பத்தொன்பது பேரைக் கேட்டார். தன்னைக் கேட்கவில்லை. இந்தத் தெருவில் பிறந்தவர், இந்தப் பள்ளி மதிலோடு வளர்ந்தவர். தான் ஊரான் இல்லை என்ற நினைப்பே அவருக்கு வரவில்லை. கேள்வி கேட்கிறவரை மற்றவர்களும் கேட்கவில்லை. மதினி புத்தளத்தில், அவருடைய வீடு புத்தளத்தில். இங்கே அவர் சாப்பிட்டது என் அடுப்பில்.

மௌலவி இளம் ஆள். "காக்கா, உங்களுக்கு ஜும்ஆ கடமைதான். ஆனா நாப்பதிலை நீங்க சேரமாட்டீங்க" என்றார். ஒரு பெரியவர், "உது எங்கள் அஞ்சாறு பேருக்குத்தானே தெரியும். இண்டைக்கு விடும், பிறகு பாப்பம்" என்றார்.

காக்கா சொன்னது: "படைச்சவனுக்கும் தெரியும்."

முற்றத்தில் நின்றவர்களுக்கு மௌலவி சொன்னார், ஜும்ஆ செல்லாது, லுஹரைத் தொழுதுகொள்ளும்படி. வீட்டுக்குப் போய்விட்டவர்களிடம் காக்கா சைக்கிளில் போனார். நல்ல வெயில். பின்னேர அஸர் வாங்குக்கு முன் பதினேழு வீடு. ஒவ்வொரு படலையிலும் ஒரே சொல்லைச் சொன்னார். "பிழை என்னிலை. லுஹரைத் தொழுதிடுங்கோ." சில வீடுகளில் பெரிய சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. உள்ளே கூப்பிட்டார்கள். அவர் இறங்கவில்லை.

திரும்பி வரும்போது சிவபாதம் அண்ணையின் கடைக்கு முன்னால் சங்கிலி கழன்றது.

"என்ன காக்கா, வீடு வீடாப் போறியள். எலெக்சன் கேக்கிறியளே?"

"ஒரு ஆள் குறைஞ்சு போச்சு."

"ஆர் ஆள்?"

"நான்தான்."

சிவபாதம் அண்ணை சங்கிலியைப் போட்டுவிட்டு, "வேணுமெண்டால் நான் வந்து பின்வரிசையிலை நிக்கிறன்" என்றாராம். காக்கா அன்று முதல்தரம் சிரித்தார். இதைப் பிறகு அவரே எனக்குச் சொன்னார்.

தன் தொப்பியை அவர் மடித்து மெசின் மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டு, பழையதைப் போட்டுக்கொண்டார்.

வழி எல்லாருக்கும் தெரிந்தது. மதினி வந்துவிட்டால் நாற்பது. பெரியவர்கள் காக்காவைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். பள்ளிக்காக என்று சொல்லும், அவ மறுக்கமாட்டா என்றார்கள். நானும் சொன்னேன். நான் சொன்னது சரி என்றுதான் அப்போது நினைத்தேன்.

"காக்கா, மதினியைக் கேளுங்கோவன்."

"கேக்கமாட்டன்."

"பள்ளி விஷயம் காக்கா."

அவர் தைத்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "அவவை ஒருக்கால் அரைநாளிலை வீட்டை விட்டு எழுப்பினவை, தங்கச்சி. இப்ப நானும் எழுப்பிறதே?"

அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

ஏழு மாதம் போனது. வெள்ளிக்கிழமைகளில் லுஹர் தொழுதார்கள். காக்கா வேறு ஆட்களைத் தேடினார். ஒரு குடும்பம் வந்தது. ஒரு பெரியவர் மௌத்தானார். கணக்கு முப்பத்தொன்பதில் நின்றது. சிலர் காக்காவோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. "பொஞ்சாதிக்குப் பயந்த ஆள்" என்று ஒருவர் கடையில் வைத்துச் சொன்னார். காக்காவின் காதிலும் விழுந்தது. "ஓம், பயம்தான்" என்று சொல்லிவிட்டு அவருடைய சேட்டுக்குக் கை அளவு எடுத்தார்.

வழக்கம்போல இரண்டு கிழமைக்கு ஒருக்கால் புத்தளம் போய் வந்தார். அங்கே மதினிக்கு இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்களையும் சொல்லவிடவில்லை.

அந்த வருடம் என் மகளின் நிக்காஹ். மதினி வந்தா. "மூண்டு நாள்தான் மச்சி. நாலாம் நாள் பஸ்" என்று வந்தவுடனே எனக்குச் சொன்னா. வான் வண்டியிலிருந்து நேரே என் வீட்டுக்குள் வந்தா. தெருவைத் திரும்பிப் பார்க்கவில்லை.

இரண்டாம் நாள் வெற்றிலை வாங்க ஆள் இல்லை. மதினியே வெளியே போனா. சிவபாதம் அண்ணை அவவை இருபது வருடத்துக்கு மேல் காணவில்லை. ஆனாலும் பிடித்துவிட்டார்.

"தையல் காக்காவின்ரை வீட்டுக்காரி எல்லோ? வந்திட்டியளே? அப்ப இனிப் பள்ளியிலை வெள்ளிக்கிழமை நடக்கும்."

"ஏன், இப்ப நடக்கிறேல்லையே?"

சிவபாதம் அண்ணை நல்ல மனிதர். ஆனால் ஒரு கதையைப் பாதியில் நிறுத்தத் தெரியாதவர். தொப்பி முதல் சைக்கிள் சங்கிலி வரைக்கும் சொல்லிவிட்டார்.

மதினி வெற்றிலை இல்லாமல் திரும்பி வந்தா. காக்கா மெசினில் இருந்தார். நான் விறாந்தையில் பலகாரம் அடுக்கிக்கொண்டிருந்தேன். என்னைப் போகச் சொல்லவில்லை.

"எத்தினை மாசம்?"

காக்காவுக்கு உடனே விளங்கிவிட்டது. "ஏழு."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் நீர் வந்திடுவீர்."

மதினி வெற்றிலைக் காசை மெசின் மேல் வைத்தா. பிறகு, "வெத்திலைக்கு ஆரையாவது அனுப்புங்கோ" என்று சொல்லிவிட்டு உள்ளே போனா.

மறுநாள் காலை அவ என்னைக் கூட்டிக்கொண்டு பழைய வீட்டு வளவுக்குப் போனா. கூரை இல்லை. இரண்டு சுவர் நின்றது. குசினி இருந்த இடத்தில் மதினி சுற்றிச் சுற்றி நடந்தா. அழவில்லை. பள்ளி மதிலில் கையை வைத்துப் பார்த்தா. "புகை எல்லாம் முந்திப் பள்ளிப் பக்கம்தான் போகும். குசினியை மற்றப் பக்கம் வைக்கவேணும்" என்றா. "ஓம் மதினி" என்றேன்.

நாலாம் நாள் பஸ்ஸில் போய்விட்டா. போகும்போது காக்காவிடம் மூன்று விஷயம் சொன்னா. வீடு முழுதாக முடிந்த பிறகுதான் வருவேன். வருடத்தில் இரண்டுதரம் பிள்ளை அடங்கின இடத்துக்குப் போய் வருவேன், அதை யாரும் கேட்கக்கூடாது. மூன்றாவதை நான் அப்படியே எழுதுகிறேன்.

"நான் உங்கடை கணக்குக்கு வரேல்லை. என்ரை வீட்டுக்கு வாறன்."

காக்கா மௌலவியிடம் ஒன்றை மட்டும் கேட்டார். அவ புத்தளம் போய் வந்தால் குடியிருப்பு முறியுமா என்று. முறியாது, கபுறைப் பார்க்க ஸியாரத்துக்குப் போய் வருகிறவர் ஊரைவிட்டுப் போனவர் ஆகமாட்டார் என்று மௌலவி சொன்னார். காக்கா வீடு கட்டத் தொடங்கினார். சுண்ணாம்பு பூசும்போது என் கணவரும் அவருடைய தம்பியும் கூட நின்றார்கள். தம்பியை ஒருவரும் கூப்பிடவில்லை. அவராக வந்தார்.

மாரிக்கு முன்னால் மதினி வந்தா. அவ வந்துவிட்டா என்று கேள்விப்பட்டு, தம்பியின் மனைவியும் பிள்ளைகளோடு வந்தாள். "அவவே போயிருக்கிறா, எனக்கென்ன" என்றாளாம். அப்படியாக நாற்பத்தொன்று ஆனது. நாற்பதாவது ஆள் காக்காவா தம்பியா என்று இன்றைக்கும் பகிடியாகக் கதைப்பார்கள். யாருக்கும் தெரியாது.

அந்த வெள்ளிக்கிழமை நானும் மதினியும் புதுக் குசினியில் நின்றோம். குத்பா மதிலுக்கு மேலால் வந்தது. மதினி அகப்பையை வைத்துவிட்டு முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டா. முடியும் வரைக்கும் அடுப்பைத் திரும்பிப் பார்க்கவில்லை. முடிந்ததும், "சோறு குழைஞ்சு போச்சு மச்சி" என்றா. குழைந்த சோற்றைத்தான் அன்று எல்லாரும் சாப்பிட்டார்கள். காக்கா இரண்டுதரம் போட்டுச் சாப்பிட்டார். தலையில் புதுத் தொப்பி.

அதற்குப் பிறகு காக்காவுக்குப் பத்து வருடத்துக்கு மேல் கிடைத்தது. நல்ல வருடங்கள். பள்ளி பழையபடி பட்டணத்துக்குப் பொதுவான இடமாக ஆவதை அவர் கண்டார். முதல் தாய் போத்தலோடு வாசலில் வந்து நின்ற அன்று காக்கா வீட்டுக்கு ஓடிவந்து மதினியிடம் சொன்னார். அந்தத் தாய் இணுவிலில் இருந்து வந்தவ. அவவுடைய தாயும் அதே வாசலில் நின்றவவாம். நோன்பு மாதத்தில் கஞ்சி எதிர்க்கடைகளுக்கும் போகும். சிவபாதம் அண்ணைக்கு இறைச்சி போடாமல் தனிச் சட்டி. அந்தச் சட்டியை மதினி வேறாகவே வைத்திருக்கிறா.

பெற்றோலுக்கு நாள் கணக்காக வரிசை நின்ற காலத்தில் வரிசை பள்ளி வாசலைத் தாண்டிப் போனது. ஓட்டோக்காரர், ஆசிரியர்மார், கீரிமலைக் கடலில் கரைக்க அஸ்தி கொண்டுபோக நின்ற ஒரு குடும்பம், எல்லாரும் வெயிலில் நின்றார்கள். காக்கா பள்ளி முற்றத்தைத் திறந்துவிடச் சொன்னார். கிணற்றில் கால் முகம் கழுவி, நிழலில் படுத்தார்கள். அஸ்திப் பானையோடு வந்தவர்கள் உள்ளே வரத் தயங்கினார்கள். "அதையும் கொண்டு வாங்கோ. வெயிலுக்கை என்னெண்டு வைக்கிறது" என்று காக்கா சொன்னார். பிறகு தன் மோட்டார் சைக்கிளில் இருந்த பெற்றோலை அவர்களுக்கு எடுத்துக் கொடுத்தார். அந்தக் குடும்பம் காக்காவின் ஜனாஸா அடக்கத்துக்கு வந்தது. அவர்கள் சொல்லித்தான் பெற்றோல் கதை எங்களுக்குத் தெரியும்.

காக்காவிடம் குறை இருக்கவில்லை என்று நான் எழுதமாட்டேன். கோபம் இருந்தது. பிள்ளைகளைக் கிட்ட வைத்துக் கொஞ்சத் தெரியாது. ஒரு பிழையைக் கண்டால் ஆள் யார் என்று பார்க்காமல் சொல்லிவிடுவார். தன் பிழையையும் அப்படித்தான் சொன்னார்.

போன வருடம் இருதயத்தில் வருத்தம் வந்தது. பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். மதினி பக்கத்தில் இருந்தா. கடைசி நாளுக்கு முதல்நாள் என்னிடம், "மௌலவிக்கு ஒரு ஜுப்பா வெட்டி வைச்சிருக்கு. கை மட்டும் பொருத்தவேணும். ஆரையாவது பிடிச்சுக் குடு" என்றார். வேறு விசேஷமாக ஒன்றும் சொல்லவில்லை. புதன்கிழமை விடியச் சுபஹ் நேரம் மௌத்தானார். அன்றைக்கே லுஹருக்குப் பிறகு பள்ளியில் ஜனாஸாத் தொழுகை. முற்றம் கொள்ளாமல் தெருவில் வரிசை நின்றார்கள். எதிர்ப்பக்கக் கடைகள் எல்லாம் பூட்டியிருந்தன. யாரும் பூட்டச் சொல்லவில்லை.

ஜுப்பாவுக்கு நானே கை பொருத்தினேன். மௌலவி பெருநாளுக்குப் போட்டார்.

இனி நன்றி சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் பார்த்த டொக்டர்மாருக்கும் தாதிமாருக்கும், வாகனம் தந்தவர்களுக்கும், கபுறு வெட்டியவர்களுக்கும், குளிப்பாட்டிக் கபன் இட்டவர்களுக்கும், ஓதியவர்களுக்கும், நாற்பது நாளும் எங்கள் வீட்டுக்குச் சாப்பாடு அனுப்பிய அயலவர்களுக்கும், தூரத்திலிருந்து வந்தவர்களுக்கும், வர முடியாமல் போனில் கதைத்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. காக்கா யாருடைய மனத்தையாவது நோகச் செய்திருந்தால் அவருக்காகப் பொறுத்துக்கொள்ளும்படி கேட்கிறேன். அவருக்காக ஒரு துஆ செய்யுங்கள்.

இன்னும் மூன்று பேருக்குத் தனியாக நன்றி சொல்ல இருக்கிறது. கணவனை இழந்தவர்கள் வீட்டோடு இருக்கிற இத்தா மதினிக்கு முடிந்தவுடன் மகள்மாரும் மகனும் புத்தளத்திலிருந்து வான் பிடித்துக்கொண்டு வந்தார்கள். உம்மாவை அங்கே கூட்டிப்போக வேண்டும் என்றார்கள். தனியாக இங்கே என்ன செய்வா என்று கேட்டார்கள். அது நியாயமான கேள்வி. மதினி அவர்களுக்குச் சோறு போட்டா. சாப்பிட்டு முடிந்ததும், "வான் வெறுமையாத்தானே போகுது. வரேக்கை மூத்தவளின்ரை வீட்டிலை நிக்கிற என்ரை அலுமாரியை ஏத்திக்கொண்டு வாங்கோ" என்றா. பிள்ளைகள் வான்காரரைக் கூப்பிட்டார்கள். பிறகு போனார்கள்.

அடுத்த கிழமை அலுமாரி வந்தது. முதிரை மரம். வாசலால் போகவில்லை. கதவைக் கழற்றி, நிலையில் ஓர் அங்குலம் சீவ வேண்டி வந்தது. கதவைக் கழற்றிய சிவபாதம் அண்ணைக்கும், ஒரு பக்கம் தூக்கிய என் கணவரின் தம்பிக்கும், மற்றப் பக்கம் தூக்கிய காக்காவின் மகனுக்கும் எங்கள் நன்றி. மகன் இப்போது தனக்கும் இந்தப் பக்கத்தில் ஒரு வீடு பார்க்கச் சொல்லியிருக்கிறார்.